தூக்கத்தைப் பகலில் தேடுங்கள்

"நேற்று இராத்திரி ஐந்து கூட்ஸ் வண்டி போச்சு, தம்பி!"

சென்ற வருஷம் முழுவதும், காலையில் காப்பி டம்ளரைக் கையில் வாங்கியதும் என் தகப்பனார் சொல்லும் முதற் செய்தி இதுதான். எங்கள் ஓமலூர் ஒரு ஜங்ஷன். சேலத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் ரயில் பாதையிலிருந்து மேட்டூர் அணைக்குச் செல்லும் கிளை இங்கேதான் பிரிகிறது. மேட்டூர் அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி சுமந்து செல்லும் வண்டிகள் இரவென்றும் பகலென்றும் பார்ப்பதில்லை. அவற்றை எண்ணுவதற்கு ரயில்வேயில் சம்பளம் வாங்கும் சிப்பந்திகள் இருக்கிறார்கள். எழுபத்து நான்கு வயதான ஒரு குடியானவர் அந்த உத்தியோகத்தை இனாமாகப் பார்த்து வந்தார் என்றால், அவருக்கு இராத் தூக்கம் போய்விட்டது என்று அர்த்தம்.

வயோதிகர் உள்ள எந்த வீட்டிலும் இது புதுச் செய்தியல்ல. "வயசானால் தூக்கம் வராதுதான்" என்று சொல்லிவிட்டு நாம் போர்த்திக்கொண்டு தூங்கிவிடுகிறோம். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். இதற்குள் அனுதாபம் மிகுந்த அண்டை வீட்டுக்காரர் ஒருவர், தாம் உபயோகிக்கும் தூக்க மாத்திரையில் நாலைந்தை அப்பாவிடம் கொடுத்திருக்கிறார். இரண்டு இரவு சுகமாகக் கழிந்தது. மூன்றாம் இரவு நீர் கழிக்க எழுந்தவர், மயக்கம் தெளியாமல் நடந்து, வாசற்படியில் இடறி விழுந்தார். இடுப்பெலும்பு தப்பியது தெய்வாதீனம். முழங்கையில் மட்டும் காயம்.

அல்பிரசோலம் முதலான இந்த வகை மாத்திரைகள் இளைஞர்களைவிட முதியவர்களை அதிகமாகத் தள்ளாட வைக்கின்றன, ஞாபகத்தையும் மந்தப்படுத்துகின்றன. முதியோருக்குத் தவிர்க்கவேண்டிய மருந்துகளின் ஜாபிதா ஒன்றை 1991-ஆம் வருஷத்தில் மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க வைத்தியர் வெளியிட்டார். பல தடவை திருத்தப்பட்டு இன்றும் வழங்கும் அந்த ஜாபிதாவில் இவ்வகை மாத்திரைகள் இடம் பெற்றிருக்கின்றன.

காயத்துக்குக் கட்டுப் போட்ட டாக்டரிடம் தூக்கத்தைப் பற்றியும் முறையிட்டேன். இரவைப் பற்றிக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "பகலில் பெரியவர் என்ன செய்கிறார்?" என்று கேட்டார்.

"ஒன்றும் செய்யவிடுவதில்லை, சார். காடு கழனியெல்லாம் குத்தகைக்கு விட்டாயிற்று. பூரண ஓய்வு" என்றேன், சற்றுப் பெருமையாகவே.

"அங்கேதான் கோளாறு" என்றார் டாக்டர். "ஒரு வாரம் கணக்கு எழுதி வாருங்கள். எத்தனை மணிக்குப் படுத்தார், எப்போது விழித்தார், பகலில் எவ்வளவு தூங்கினார், எல்லாம் வேண்டும்."

கணக்கு எழுதுவது பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கஷ்டமா? எழுதிப் பார்த்தபோது நானே திகைத்தேன். இரவு எட்டு மணிக்குப் படுக்கை. பன்னிரண்டரைக்கு விழிப்பு. பிறகு புரளல். விடியற்காலம் ஒரு மணி நேரம் கண்ணயர்வு. ஐந்தரைக்கு எழுந்திருத்தல். மத்தியானம் திண்ணைக் கட்டிலில் இரண்டு மணி நேர உறக்கம். கூட்டினால் ஏழரை மணி! அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஏழு முதல் எட்டு மணி நேரத் தூக்கம் போதும் என்பது நிபுணர்கள் அபிப்பிராயம். அப்பாவுக்குத் தூக்கம் குறையவில்லை. இரவில் செலவழிக்கவேண்டிய பணத்தைப் பகலிலேயே செலவழித்துவிட்டு, இராத்திரி வெறும் பையைத் துழாவிக்கொண்டிருந்தார்.

தூக்கமும் பசியைப் போன்றதே. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தூக்கப் பசி ஏறுகிறது. சாயங்காலம் முறுக்கும் சீடையும் கொறித்தவனுக்கு இராச் சாப்பாடு செல்லுமா? இந்தப் பசியோடு, இரவு பகலை அறிந்து நடக்கும் கடிகாரம் ஒன்றும் நம் உடம்பில் இருக்கிறது. இவ்விரண்டும் சேர்ந்தே தூக்கத்தை ஆளுகின்றன என்று ஸ்விட்ஜர்லாந்தைச் சேர்ந்த போர்பெலி என்ற ஆராய்ச்சியாளர் 1982-ல் எடுத்துக் காட்டினார். வயதாக ஆக ஆழ்ந்த உறக்கம் குறைவதும், அந்தக் கடிகாரம் சற்று முந்தி ஓடுவதும் இயற்கை. அதைத் தடுக்க முடியாது. ஆனால் பசி ஏறாமல் கெடுப்பது நம்முடைய கைங்கரியம்.

இதற்குச் சிகிச்சை என்ன? அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் முதியோர் 79 பேரைக் கொண்டு ஒரு பரீட்சை நடத்தி 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப்பேருக்குப் புத்தகங்களை மட்டும் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஒரு நர்ஸ் இரண்டு முறை நேரிலும் இரண்டு முறை டெலிபோனிலும் நான்கு விதிகளை விளக்கினார். படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறை. தினமும் ஒரே நேரத்தில் எழுந்திரு. தூக்கம் கண்ணைச் சுற்றாமல் படுக்காதே. தூங்காமல் படுக்கையில் கிடக்காதே. இவ்வளவுதான். ஒரு மாதத்தில், விதிகளைக் கைக்கொண்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நித்திரையின்மையே நீங்கியது. புத்தகம் பெற்றவர்களில் 13 பேருக்கே அந்தப் பாக்கியம். மாத்திரையைக் காட்டிலும் இத்தகைய பழக்க வைத்தியத்தையே முதலில் கையாளவேண்டும் என்று 2016-ல் அமெரிக்க வைத்தியர் சங்கம் ஒன்று வற்புறுத்தியது.

அவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் ஊர் ரயில் பாதையிலேயே போனால் வருகிற பெங்களூரில், ஒரு முதியோர் இல்லத்தில் 69 பேரை மூன்று பிரிவாக்கிச் சோதித்து 2005-ல் பிரசுரித்திருக்கிறார்கள். எளிய ஆசனமும், மூச்சுப் பயிற்சியும், உடம்பைத் தளர்த்தும் பயிற்சியும் ஆறு மாதம் செய்த பிரிவினர் சராசரி ஒரு மணி நேரம் அதிகமாகத் தூங்கினார்களாம். கண் மூடப் பிடிக்கும் நேரமும் பத்து நிமிஷம் குறைந்ததாம்.

நிற்க. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பா இரவில் உண்மையாகத் தூங்கியது ஐந்தரை மணி. அதனுடன் அரை மணி சேர்த்து, ஆறு மணி நேரமே படுக்கை என்றார் டாக்டர். அதற்குக் கீழே போகக்கூடாதென்றும் எச்சரித்தார். ஆகவே, பதினொரு மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழவேண்டும். "எட்டு மணிக்குச் சாப்பிட்டுப்போட்டு, பதினொண்ணு வரைக்கும் நான் என்ன பண்றது?" என்றார் அப்பா. அவர் கேட்டது நியாயமே. குத்தகைக்காரரிடமிருந்து இரண்டு மூட்டை நிலக்கடலை வாங்கி வந்து முற்றத்தில் போட்டேன். விதைக்கடலை உடைப்பதில் அவருக்கு நிகர் யாருமில்லை. பேரனும் உடன் உட்கார்ந்தான். சாயங்காலத்தில் வெளிச்சத்தோடு அரை மணி நடை. மூன்று மணிக்குமேல் காப்பி கிடையாது. பகல் தூக்கம் நிறுத்தம். கொல்லையில் கீரைப்பாத்தி அவர் பொறுப்பு. இரவில் விழித்துப் புரண்டால், எழுந்து வந்து நாற்காலியில் அமர்ந்து, மறுபடி கண் சுழலும்போது படுக்கவேண்டும். வழியில் ஒரு சிறு விளக்கும் போட்டு வைத்தோம்.

முதல் வாரம் எங்கள் பாடு திண்டாட்டமாயிற்று. பகலெல்லாம் கொட்டாவி, எரிச்சல். "பெத்த அப்பனைத் தூங்கவிடாத மகன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். இரண்டாம் வாரத்தில் சச்சரவு ஓய்ந்தது. இரவுத் தூக்கம் உறுதிப்பட்டதும் வாரத்துக்குக் கால் மணியாகப் படுக்கை நேரத்தைக் கூட்டினோம். இப்போது பத்தேகாலுக்குப் படுத்து ஐந்துக்கு எழுகிறார். நடுவில் ஒரு முறை விழிப்பதுண்டு. விழித்தால் மறுபடி தூங்குகிறார்.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் திடீரென நிறுத்திவிடக் கூடாது. நெடுநாள் சாப்பிட்டவர்கள் டாக்டரின் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும். மூச்சு நின்று நின்று வரும் குறட்டை, கால் குடைச்சல், அடிக்கடி நீர் பிரிதல், ஓயாத வலி, மனச் சோர்வு ஆகியவை இருந்தால் முதலில் அவற்றைக் கவனிக்கவேண்டும். வலிப்பு நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் படுக்கை நேரத்தைக் குறைக்கவே கூடாது.

பெற்றோரை உட்கார வைத்துச் சோறு போடுவது புண்ணியம் என்று நினைத்துத்தான் அப்பாவின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கி வைத்தேன். அதோடு அவருடைய தூக்கத்தையும் வாங்கி வைத்துவிட்டேன் என்பது, அவர் விழுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. உங்கள் வீட்டுத் திண்ணையிலும் ஒருவர் பகலில் கண்ணயர்ந்துகொண்டிருக்கலாம். அவரை எழுப்பி, அவரால் ஆகக்கூடிய ஒரு வேலையைக் கொடுங்கள்.

நேற்றுக் காலை, "இராத்திரி எத்தனை வண்டி, அப்பா?" என்று கேட்டேன்.

"யாரு கண்டா?" என்று சொல்லிவிட்டுக் கீரைக்குத் தண்ணீர் விடப் போனார்.