நீர்ச்சுருக்கு மாத்திரையை ஜாக்கிரதையாய்ச் சாப்பிடுவோம்



சித்திரை வெயில் ஏறும்போது திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் நீர்ச்சுருக்கு என்று சொல்லி வருகிற தாய்மார்கள் அநேகர். காந்தி மார்க்கெட்டிலும் சத்திரம் பஸ் நிலையத்தைச் சுற்றிலும் நாள் முழுதும் வியாபாரம் செய்கிற பெண்கள் பலர், ஒதுங்க இடமில்லையே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளுகிறார்கள். சிலருக்கு இளநீரும் நீர்மோரும் போதும். ஆனால் எரிச்சலோடு அடிக்கடி அவசரம், அடிவயிற்று வலி, கலங்கலான அல்லது இரத்தம் கலந்த சிறுநீர் இருந்தால், அது வெறும் சூடு அல்ல. கிருமித் தொற்றாக இருக்கலாம். பெரும்பாலும் குடலில் வாழும் ஈ.கோலை என்னும் கிருமியே இதற்குக் காரணம். பெண்களுக்குச் சிறுநீர்த் தாரை நீளம் குறைவு என்பதால் அது எளிதில் மேலேறிவிடுகிறது.

இதற்கு மருத்துவர்கள் இன்று அதிகமாய் எழுதுகிற மருந்துகளில் ஒன்று நைட்ரோஃபுரான்டோயின். 1950-களிலிருந்து வழக்கத்தில் இருக்கும் இந்தப் பழைய மருந்து இன்னும் நன்றாய் வேலை செய்கிறது. அதைச் சாப்பிடுகிறவர்கள் அறிந்திருக்கவேண்டியவை சில உண்டு.

வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பாட்டோடு சாப்பிடுங்கள். குமட்டல் குறையும், மருந்தும் உடம்பில் நன்றாய்ச் சேரும். மக்னீசியம் டிரைசிலிகேட் கலந்த நெஞ்செரிச்சல் மருந்தை இதோடு சேர்க்காதீர்கள். சிறுநீர் பழுப்பாகவோ கரும்மஞ்சளாகவோ போனால் பயப்படவேண்டாம். அது மருந்தின் நிறமே. பொதுவாய் ஐந்து நாள் கொடுப்பார்கள். இரண்டாம் நாளே எரிச்சல் அடங்கிவிட்டாலும், சீட்டில் எழுதின நாள் வரை சாப்பிடுங்கள். கல்ச்சர் பரிசோதனை கேட்டிருந்தால், முதல் மாத்திரைக்கு முன்பே சிறுநீரைக் கொடுத்துவிடுங்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ஜி6பிடி குறைபாடு உள்ளவர்கள், பிரசவ நாள் நெருங்கின கர்ப்பிணிகள், பிறந்து ஒரு மாதமாகாத குழந்தைக்குப் பால் கொடுக்கிறவர்கள் ஆகியோர் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லவேண்டும். அவர்களுக்கு வேறு மருந்து தேவைப்படலாம். மாத்திரை சாப்பிடும்போது மூச்சுத்திணறல், புதிதாய் வந்த இருமல், உடம்பில் தடிப்பு, கண் மஞ்சளாதல், கை கால் மரத்துப்போதல் கண்டால் நிறுத்திவிட்டு உடனே வாருங்கள்.

இன்னொன்று. இம்மருந்து சிறுநீர்ப்பைக்குள் வேலை செய்யும். சிறுநீரகத்துக்குள் போதுமான அளவு சேராது. ஆகையால் குளிர் காய்ச்சல், விலாப்பக்க வலி, வாந்தி வந்தால் அது ஐந்து நாள் பொறுத்துப்பார்க்கும் வியாதி அல்ல; அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

நல்ல மனதோடு நடக்கிற ஒரு காரியத்தையும் இங்கே சொல்லவேண்டும். மீதி மாத்திரைகளை எடுத்துவைத்து அண்டை வீட்டாருக்குக் கொடுக்கிறவர்கள் உண்டு. ஏழைகளுக்கு உதவட்டும் என்று நம்மிடமே கொண்டுவருகிறவர்களும் உண்டு. அந்த அன்பை மதிக்கிறோம். ஆனால் ஒருவருக்கு எழுதின மாத்திரை அவருக்கும் அந்தத் தடவைக்கும் மட்டுமே உரியது. அடுத்த வீட்டுப் பெண் கர்ப்பிணியாக இருக்கலாம். அவருடைய கிருமி வேறாக இருக்கலாம். நாலு மாத்திரையில் பாதி அடங்கின நோய் பிறகு திரும்பி வரும். தேவையில்லாமல் விழுங்கின ஒவ்வொரு மாத்திரையும் மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்கே இடம் கொடுக்கும்.

இது தூரத்து ஆபத்து அல்ல. என்டிஎம்-1 என்ற நொதியால் ஏறக்குறைய எல்லா ஆன்டிபயாடிக்கையும் எதிர்த்து நிற்கும் கிருமிகளைப்பற்றி 2010-இல் ஓர் ஆய்வு வெளியானது. அதில் சென்னையில் மாத்திரம் 44 மாதிரிகளில் அது காணப்பட்டது. 2012-இல் நாட்டின் மருத்துவ சங்கங்கள் சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக்கைக் கட்டுப்படுத்த ‘சென்னைப் பிரகடனம்’ உருவாக வழிசெய்தன. 2014 மார்ச் 1 முதல் எச்-1 பட்டியல் அமலுக்கு வந்தது. செஃபிக்சிம் போன்ற மருந்துகளை விற்கும் கடைக்காரர், நோயாளியின் பெயரையும் மருத்துவரின் பெயரையும் தனிப்பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்கவேண்டும். 2016-இல் மத்திய சுகாதார அமைச்சகம், மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டில்லாமல் வாங்காதீர்கள் என்று பிரசாரம் செய்தது. ஆனால் சட்டம் கடை வாசல்வரைதான் வரும். நம் வீட்டு அலமாரியை நாம்தான் காக்கவேண்டும்.

ஆகவே உங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் இதை ஒருமுறை வாசித்துக் காண்பியுங்கள். மீதி மாத்திரைக்குப் பதிலாக, ஓர் ஏழைத் தாய்க்குச் சிறுநீர்ப் பரிசோதனை செய்யும் செலவைத் தாங்க முடியுமானால் அது மெய்யாகவே பிரயோஜனமான உதவி. அந்தத் தாய்க்குப் பொருந்தும் மருந்து எது என்று அதனால் தெரியவரும். அந்த மருந்து நம் பிள்ளைகளின் காலத்திலும் வேலை செய்யும்படி காத்துவைத்ததும் ஆகும்.