மணல்மேட்டில் படியும் புழுதி

ஆடிக்காற்று எழுந்துவிட்டால், இராசபாளையத்தை அடுத்த ஆலங்குளத்தின் மானாவாரி நிலங்களில் உழுத மண் புழுதியாய்ப் பறக்கும். காற்றோடு போவது மேல்மண்ணின் நுண்துகள். ஈரத்தையும் உரச்சத்தையும் பற்றி வைப்பது அதுவே. எனவே உழவர்க்கு அஃது இழப்பு. ஆனால், இத்தகைய புழுதி மணற்பாங்கான இடத்தில் சென்று படியுமாயின், அங்கே மண் பிறக்கத் தொடங்கும். இதனை இராஜஸ்தானின் தார்ப் பாலைவனத்தில் காணலாம்.

அங்குக் கோடையில் வீசும் புழுதிப்புயலை ‘ஆந்தி’ என்பர். வயலையும் வழியையும் மூடும் மணல்மேடுகளை நிலைநிறுத்தும் முறைகளை, ஜோத்பூரில் 1959இல் அமைந்த மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்து பரப்பியது. காற்றுக்குக் குறுக்கே புதர்த்தழைகளை வரிசையாக ஊன்றி, இடையிடையே மரக்கன்றும் புல்லும் நடுவர். செடிகள் வளர்ந்ததும் நிலத்தை ஒட்டிக் காற்றின் வேகம் தணிகிறது. அதுவரை நில்லாமல் கடந்து சென்ற வண்டலும் களிமண்துகளும் அங்கே இறங்குகின்றன. வெறும் மணல் நீரை உடனே கீழே வடித்துவிடும். நுண்துகள் கலந்த மணலோ சற்றே பிடித்து வைக்கும். சுண்ணாம்புச்சத்தும் சாம்பல்சத்தும் புழுதியுடன் வந்து சேர்கின்றன. காலப்போக்கில் பாசியும் நுண்ணுயிர்களும் துகள்களைப் பிணைத்து, மணலின்மேல் மெல்லிய ஓடு ஒன்றை உண்டாக்குகின்றன.

இவ்வோடு நன்மை மட்டுமே தருவதன்று. சீனாவின் தெங்கர்ப் பாலைவனத்தில், ஆண்டுக்கு ஏறத்தாழ 180 மில்லிமீட்டர் மழையே பெறும் ஷாபோதோ என்னுமிடத்தில், இருப்புப்பாதையைக் காக்க 1956 முதல் வைக்கோலைக் கட்டம்கட்டமாகப் பதித்துப் புதர்களை நட்டனர். மணல் நின்றது, புழுதி படிந்து ஓடும் தடித்தது. சிறுமழையின் நீர் அவ்வோட்டிலேயே தங்கி ஆவியாயிற்று. ஆழ வேரூன்றிய புதர்கள் நீரின்றி மெலிந்து குறைய, மேல்வேர்ப் புற்களும் ஓராண்டுச் செடிகளும் பெருகின. மணலை நிறுத்திய புதருக்கே, நின்ற மணல் நீர்தர மறுத்தது எனலாம்.

இலைக்கும் புழுதியால் இடர் உண்டு. அது வெயிலை மறைத்து ஒளிச்சேர்க்கையைக் குறைக்கும், இலைத்துளைகளை அடைக்கும். தார்ப் பாலைவனத்தின் ‘போக்’ என்னும் புதருக்கு இத்தொல்லை குறைவு. அதன் இலைகள் மிகச் சிறியன. மெல்லிய பச்சைத் தண்டுகளே உணவு ஆக்குகின்றன.

நிலைநிறுத்திய மேட்டை முதற்சில ஆண்டுகள் வேலியிட்டுக் காப்பர். பின்னர் ஆடுகளும் ஒட்டகங்களும் மேய வருகின்றன. அவற்றின் கால்பட்டு ஓடு சிறிது உடைந்தால் மழைநீர் உள்ளிறங்க வழியாகும். மிகுதியாக உடைந்தாலோ, பல்லாண்டுகளாகச் சேர்ந்த நுண்மண் அடுத்த ஆந்தியிலேயே பறந்துவிடும். ஆகையால், வேலியை எப்போது திறப்பது, எத்தனை கால்நடைகளை உள்ளே விடுவது என்பவற்றை மேட்டுக்கு மேடு ஆராய்ந்தே முடிவு செய்தல் வேண்டும்.