மேசை வாடகைக்கு அப்பால்

சென்னை தியாகராய நகரில் சொந்தமாக ஓர் அலுவலகம் எடுப்பது சின்ன அளவில் தொழில் செய்பவருக்குக் கட்டுப்படியாகிற காரியமல்ல. மாத வாடகையைச் சமாளித்தாலும் பல மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பார்கள். மேசை, நாற்காலி, ஏசி, இன்டர்நெட் எல்லாம் நம் செலவு. அதனால்தான் வடிவமைப்பாளர்கள், வரிக் கணக்கு பார்ப்பவர்கள், வெளியூர் நிறுவனங்களுக்கு நிரல் எழுதுபவர்கள், இணையத்தில் புடவை விற்பவர்கள் எனப் பலரும் கோவொர்க்கிங் இடங்களைத் தேடுகிறார்கள். மாதம் இவ்வளவு என்று கட்டிவிட்டு மடிக்கணினியோடு போய் உட்கார்ந்தால் போதும். தேடுகிறவர்கள் முதலில் கேட்பது அந்த 'இவ்வளவு' எவ்வளவு என்பதைத்தான். கேட்க வேண்டியதுதான். ஆனால் அதோடு முடிவெடுத்துவிட்டால் பெரும்பாலும் நஷ்டம். கட்டுகிற பணத்துக்கு மாதத்தில் எத்தனை மணி நேரம் உருப்படியாக வேலை நடக்கும் என்று பார்த்தே இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நெரிசலான பேட்டைகளில் இந்த இரண்டு கணக்குகளும் வெகுதூரம் விலகிப் போகின்றன.

பேச்சுக்கு ஒரு கணக்குப் போடுவோம். உங்களுக்கு வந்துபோக வசதியான ஓர் இடத்தில் மேசைக்கு 9,000 ரூபாய், வசதிக் குறைவான இன்னோர் இடத்தில் 6,500 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 10,620-ம் 7,670-ம் ஆகிறது. ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பவர் இந்த வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாததால் பதிவு செய்யாமல் இருப்பவருக்கு அது முழுக்கச் செலவு. ஆக, மலிவான இடத்தில் மிச்சமாவது 2,950 ரூபாய். அங்கே போய்வர நாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகப் பிடித்தால், 22 வேலை நாட்களில் 22 மணி நேரம் போய்விடும். அந்த மிச்சத்தை 22-ஆல் வகுத்தால் மணிக்கு 134 ரூபாய். அதற்குமேல் சம்பாதிக்கக்கூடிய யாருக்கும் மலிவான மேசைதான் விலை கூடியது. அலுப்பை இதில் சேர்க்கவில்லை. டேனியல் கானமனும் சகாக்களும் டெக்சாஸில் வேலை பார்க்கும் 909 பெண்களிடம் நடத்தி 2004-ல் வெளியிட்ட ஆய்வில், அன்றாடக் காரியங்களிலேயே மனசுக்கு மிகக் குறைவாகப் பிடித்தவற்றில் ஒன்றாக வேலைக்குப் போய்வரும் பயணம் இருந்தது.

போய்வரும் நேரத்தை வரைபடத்தில் கிலோமீட்டர் பார்த்துச் சொல்லிவிட முடியாது. தாம்பரம் பக்கமிருந்து மின்சார ரயிலில் மாம்பலம் வருகிறவருக்கு 2023-ல் திறந்த ஆகாய நடைபாதை ஒரு வரம். சுமார் 570 மீட்டர் நீளத்துக்கு, ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் கால் வைக்காமலே நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் வரை கொண்டுவந்து விடுகிறது. அவருக்குத் தெற்கு உஸ்மான் சாலைப் பக்கம் சௌகரியம். அண்ணா நகரிலிருந்து பைக்கில் வருகிறவருக்கு அந்த இடமே தலைவலி. வண்டியைக் கட்டிடத்துக்குள் விட இடம் உண்டா, அல்லது தெருவில் எங்காவது செருகிவிட்டு மாலையில் தேடிப் போக வேண்டுமா என்பதுதான் அவருடைய கேள்வி. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இருவர் கணக்குமே தப்பும். ஜவுளி, நகை வாங்க ஊரே அங்கே திரளும் நாட்கள் அவை.

வந்து சேர்ந்த பிறகும் மணிநேரம் கரையும். பெரும்பாலான இடங்களில் குறைந்த விலைக்குக் கிடைப்பது பொதுக்கூடத்தில் ஒரு 'ஹாட் டெஸ்க்'. ஜங்சூ கிம், ரிச்சர்ட் டி டியர் இருவரும் 303 அலுவலகக் கட்டிடங்களில் 42,000-க்கும் மேற்பட்டோர் தந்த பதில்களை அலசி 2013-ல் வெளியிட்ட ஆய்வின்படி, திறந்த கூடங்களில் சத்தமும் மறைவின்மையும் தரும் தொல்லை, கலந்து பேசும் வசதியால் வரும் லாபத்தைவிடப் பெரிது. பக்கத்து மேசைக்காரர் காப்பீடு விற்பவராக இருந்தால் இதைப் புரிந்துகொள்ள ஆய்வே தேவையில்லை. எனவே நாற்காலியின் நிறத்தைவிட, போனில் பேசத் தனிக் கூண்டுகள் எத்தனை, எத்தனை பேருக்கு அவை என்று எண்ணுவது முக்கியம். மீட்டிங் ரூம் மாதத்துக்கு எத்தனை மணி நேரம் இலவசம், அதற்குமேல் என்ன கட்டணம் என்பதையும் கேட்க வேண்டும்.

காற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சுவரில் மாட்டிய ஸ்பிளிட் ஏசி பொதுவாக அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது; வெளிக்காற்று வர வேறு வழி இல்லாவிட்டால் கூடம் நிறைந்த நாளில் பிற்பகல் மூன்று மணிக்குக் கண் சொருகும். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தார் 2012-ல் வெளியிட்ட சோதனையில், கரியமில வாயு பத்து லட்சத்தில் 600 பங்காக இருந்தபோது 22 பேர் எடுத்த முடிவுகளைவிட, 1,000 பங்கில் எடுத்தவை சற்று மட்டமாகவும் 2,500 பங்கில் எடுத்தவை படுமோசமாகவும் இருந்தன. பிறகு வந்த எல்லா ஆய்வுகளும் இதை வழிமொழியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் திறக்கக்கூடிய ஒரு ஜன்னல் உள்ள இடமே மேல். பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை மின்தடை என்று பத்திரிகையில் வரும் அறிவிப்பை நினைத்துக்கொண்டு இன்னொன்றும் கேளுங்கள்: ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா, விளக்கும் பிளக் பாயிண்டும் மட்டுமா? 'பவர் பேக்கப் உண்டு சார்' என்ற பதில் இரண்டுக்கும் பொருந்தும்.

இதற்கு மறுப்புகள் உண்டு. கோவொர்க்கிங் போவதே நாலு பேரைப் பழகிக்கொள்ளத்தானே, அதை மணிக்கணக்கில் அளக்கலாமா என்பார்கள். ஈதன் பெர்ன்ஸ்டீனும் ஸ்டீபன் டர்பனும் 2018-ல் காட்டியது வேறு: இரண்டு நிறுவனங்களின் ஊழியர்கள் திறந்த கூடத்துக்கு மாறியதும் நேருக்கு நேர் பேச்சு சுமார் 70 சதவீதம் குறைந்தது, மின்னஞ்சலும் மெசேஜும் கூடின. அது ஒரே நிறுவனத்தார் கூடியிருந்த இடம், அந்நியர்கள் சேரும் கோவொர்க்கிங் வேறு என்று வாதிடலாம், நியாயம்தான். ஆனால் அந்நியர்கள் பழகுவது டீ எடுக்கும் இடத்திலும் சாப்பாட்டு மேசையிலும். அவை இரண்டும் உட்கார்ந்து பேசும்படி இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

இன்னும் வலுவான மறுப்பு, தொழில் தொடங்குகிறவருடையது. 'என் மணி நேரத்துக்கு இன்னும் விலையே இல்லை, எனக்கு 2,950 ரூபாய்தான் பெரிது.' ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அப்படிப்பட்டவருக்கு மாதச் சந்தாவே தேவையில்லை என்பது என் எண்ணம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தோடு உட்கார்ந்து படிக்கக்கூடத் தனிப் பகுதி இருக்கிறது. வாடிக்கையாளரைச் சந்திக்கும் நாளுக்கு மட்டும் ஒருநாள் பாஸ் வாங்கலாம். தி.நகர் முகவரிதான் வேண்டும், ஜிஎஸ்டி பதிவுக்கு இடம் காட்ட வேண்டும் என்றால் 'விர்ச்சுவல் ஆபீஸ்' மேசையைவிடச் சல்லிசு. ஒப்பந்தம், உரிமையாளரின் ஆட்சேபமின்மைக் கடிதம், மின்கட்டண ரசீது மூன்றும் கைக்கு வந்த பிறகு பணம் கட்டுங்கள்.

கட்டிடத்தைப் பார்க்காமல் மேசையை மட்டும் பார்ப்பது தி.நகரில் ஆபத்து. 2011 அக்டோபர் இறுதியில், விதிமீறிக் கட்டியவை என்று ரங்கநாதன் தெரு, உஸ்மான் சாலைப் பக்கம் பல கடைகளுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக் கடை ஒன்று தீப்பற்றி, ஒரு பகுதி இடிந்து, கடைசியில் முழுதும் இடிக்கப்பட்டது. இரண்டாவது படிக்கட்டு இருக்கிறதா, அதில் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறார்களா என்று நடந்தே பாருங்கள். ஒப்பந்தத்தில் நீங்கள் அநேகமாக வாடகைதாரர் அல்ல. 1882-ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டம் சொல்லும் 'உரிமம்' பெற்றவர். இடத்தை நடத்துபவர் கட்டிட உரிமையாளருக்கு வாடகை தராமல் போனால், நீங்கள் ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் வெளியேற வேண்டியிருக்கலாம். நீண்ட காலத்துக்கு வாடகைக்கு எடுத்துக் குறுகிய காலத்துக்குப் பிரித்துக் கொடுக்கும் இந்தத் தொழிலில், ஒருகாலத்தில் 4,700 கோடி டாலர் மதிப்புப் பெற்றிருந்த வீவொர்க் நிறுவனமே 2023 நவம்பரில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டது. ஆகவே முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள். பதினொரு மாத லாக்-இன்னுக்குத் தரும் தள்ளுபடியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அதற்கும் முன்னால், ஒருநாள் பாஸ் எடுத்து, கூட்டம் பெருகும் ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க அங்கே உட்கார்ந்து வேலை செய்து பாருங்கள்.