முன்னே 300 கிலோ, பின்னே என்ன?

லோடர் பூட்டிய சிறிய டிராக்டர் என்றால், இருபது முப்பது குதிரைவலு எஞ்சினும், முன்னால் இரண்டு ஹைட்ரோலிக் கரங்களும், அவற்றின் நுனியில் ஒரு பக்கெட்டும். "பல வேலைகளுக்கு ஒரே இயந்திரம்" என்பது விற்பவர்கள் தரும் வரையறை. சிலாபத்துத் தென்னந்தோட்டத்தில் அந்தப் பல வேலைகள் மாட்டெரு ஏற்றுவது, பொச்சு தள்ளுவது, மணலும் கபுக் மண்ணும் இடம் மாற்றுவது என்பதோடு முடிந்துவிடும். இறால் பண்ணைகளில் மட்டும், அறுவடைக்குப் பின் காய்ந்த குளத்தின் அடிச்சேற்றை வழிக்கும் வேலை கூடுதலாக உண்டு. பெக்கோ மரங்களுக்கிடையே திரும்ப இடம் தேடும். லாண்ட்மாஸ்டர் இழுக்குமே தவிரத் தூக்காது. இடைப்பட்ட இந்த வகைக்கு வரவேற்பு இருப்பது அதனால்தான். ஒக்டோபர் மழைக்கு முன் எருவைப் போட்டு முடிக்கும் அவசரத்தில் வாங்கப் போகிறவர்கள், வாசகர் கடிதங்களைப் பார்த்தால், ஒரே எண்ணில்தான் தடுமாறுகிறார்கள்: தூக்கும் திறன்.

மஹிந்திரா ஜீவோ 245, குபோட்டா நியோஸ்டார் பி2441 போன்ற 24 குதிரைவலு இயந்திரங்களின் தாளில் தூக்கும் திறன் 750 கிலோ என்றிருக்கும். பொய்யல்ல. ஆனால் அது பின்புறம் கலப்பை மாட்டும் மூன்று புள்ளி இணைப்பின் திறன். லோடருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. லோடருக்கென்று தனித் தாள் கேட்க வேண்டும். அதிலும் எண் எங்கே அளக்கப்பட்டது என்பதுதான் விஷயம். பக்கெட் கரத்தோடு சேரும் கீலில் அளந்தால் எண் பெரிதாக வரும். அரை மீற்றர் முன்னால் அளந்தால் குறையும். பாரம் உண்மையில் இருப்பது கீலுக்கு முன்னால்தான். நிலத்தைவிட்டு எழும்பும் கணத்தில் தூக்கக்கூடிய எடையும் முழு உயரத்தில் தூக்கக்கூடிய எடையும் ஒன்றல்ல. விளம்பரத்துக்குப் போவது இரண்டில் பெரியது. பக்கெட்டின் சொந்த எடையும் இதில்தான் கழியும். 200 லீற்றர் கொள்ளும் பக்கெட்டில் மாட்டெரு 200 கிலோவைத் தாண்டுவது அரிது. அதே பக்கெட்டில் ஈரமணல் ஏறத்தாழ 400 கிலோ.

இயந்திரத்தால் தூக்க முடியுமா என்பதைவிட, தூக்கிய பின் அதன் பின்சக்கரங்களில் என்ன மிஞ்சுகிறது என்பதே பெரிய கேள்வி. 700 கிலோ எடையுள்ள டிராக்டர் ஒன்றில் முன் அச்சில் 280, பின் அச்சில் 420 கிலோ இருப்பதாகவும், இரு அச்சுகளுக்கும் இடையே 1.5 மீற்றர் தூரம் என்றும் வைத்துக்கொள்வோம். முன் அச்சுக்கு 1.2 மீற்றர் முன்னால் 300 கிலோ தொங்கினால், முன் அச்சு நெம்புகோலின் ஆதாரப் புள்ளியாகிவிடுகிறது. அந்த 300 கிலோவும் முன் அச்சில் ஏறுவதோடு, பின்னாலிருந்து இன்னொரு 240 கிலோவும் முன்னுக்கு வந்துவிடும். முன்னே 820, பின்னே 180. லோடர் கரங்களின் எடையை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் பின்புறம் இன்னும் லேசாகும்.

இங்கேதான் கவலைப்பட வேண்டிய இடம். இவ்வகை டிராக்டர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக் பின்சக்கரங்களில் மட்டுமே உண்டு. பின்சக்கரம் லேசானால் இழுவை போகும், அதோடு பிரேக்கும் போகும். சமதரையில் ஓட்டுபவருக்கு இது தெரியவே வராது. இறால் குளத்தின் வரம்பிலிருந்து இறங்கும்போது, நிறைந்த பக்கெட் முன்னால் சரிய, மிதித்த பிரேக் தரையைப் பிடிக்காமல் பின் டயர் வழுக்கும். நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டிருந்தால் முன்சக்கரங்களும் அதே தண்டின் வழியாகப் பிடிக்கும். மணற்பாங்கான இந்தக் கரையோரத்தில் நான்கு சக்கர இயக்கம் வேண்டும் என்பதற்கு இழுவையைவிட இதுவே வலுவான காரணம், விற்பனைத் தாள்கள் சொல்லாவிட்டாலும். சரிவில் பாரம் எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும்: ஏறும்போது முன்னோக்கி, இறங்கும்போது பின்னோக்கி, சின்ன கியரில், நியூட்ரலுக்குப் போகாமல்.

மாற்று, பின்பாரம். மூன்று புள்ளி இணைப்பில் கொங்கிரீட் அல்லது மணல் நிறைத்த 200 கிலோ பெட்டி ஒன்றை, பின் அச்சுக்கு 0.8 மீற்றர் பின்னால் தொங்கவிட்டால், அதே நெம்புகோல் இப்போது நமக்காக வேலை செய்கிறது. பின் அச்சில் ஏறுவது 200 அல்ல, 307 கிலோ. கூடுதலான 107 கிலோ முன் அச்சிலிருந்து கழிகிறது. முன்னே 713, பின்னே 487 என்று கணக்கு மாறும். பின்சக்கரத்தில் இரும்புத் தட்டுப் பூட்டுவதும் டயருக்குள் தண்ணீர் நிரப்புவதும் பின்புறத்தைக் கனமாக்கும், ஆனால் முன் அச்சின் சுமையைக் குறைக்கா. இரண்டும் சேர்ந்திருப்பது நல்லது. ஒன்றுதான் முடியுமென்றால் பெட்டி. பின்னால் ஆளை நிறுத்திப் பாரம் சேர்ப்பது கொலைக்குச் சமம்.

பக்கவாட்டுச் சாய்வு வேறு கதை. முன் அச்சு நடுவில் ஒரே முளையில் ஆடும்படி பூட்டப்பட்டிருப்பதால், டிராக்டர் நான்கு கால்களில் நிற்பதாகத் தெரிந்தாலும், சாய்வுக்கு எதிராக நிற்பது மூன்று புள்ளிகளில்: இரு பின்சக்கரங்கள், முன் முளை. பக்கெட்டில் பாரம் ஏற ஏற எடையின் மையம் அந்த முக்கோணத்தின் குறுகிய நுனிக்கு நகரும். பக்கெட்டை உயர்த்தினால் மேலேயும் போகும். பழைய பொச்சுக் குழி ஒன்றில் ஒரு சக்கரம் இறங்குவது போதும். ஓடும்போது பக்கெட் முழங்காலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இதற்காக. தென்னங்குற்றியை உயரத் தூக்கினால் அது கரங்கள் வழியே ஓட்டுபவர் மேல் உருளலாம்.

26 அடிக்கு 26 அடி என்று நட்ட தோட்டத்தில், அதாவது ஏக்கருக்கு 64 மரம் என்ற கணக்கில், பக்கெட்டோடு நீளும் இயந்திரம் ஒரே திருப்பில் திரும்பாது. லுணுவிலவிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிலையம் உரமிடச் சொல்லும் வட்டம் மரத்தடியைச் சுற்றி 1.75 மீற்றர் ஆரம் கொண்டது. உணவெடுக்கும் வேர்கள் பெரும்பாலும் இருப்பது அங்கேதான். 800 கிலோ சுமந்த முன்சக்கரங்கள் ஈரமண்ணில் அதற்குள் நுழையக் கூடாது. எருவை வட்டத்துக்கு வெளியே கொட்டி, மிச்சத்தை மண்வெட்டியால் இழுப்பதே நல்லது.

உள்ளூர் வெல்டிங் கடையில் செய்த லோடர்? அதன் சட்டம் பின் அச்சு வரை ஓடிப் பூட்டப்பட்டிருந்தால் பார்க்கலாம்; எஞ்சின் பக்கத்தில் மட்டும் தொங்கினால், கிளச் உறை விரிசல் விட்டு டிராக்டர் இரண்டாகப் பிரியக்கூடும்.

எஞ்சினை முறுக்கினால் கூடத் தூக்குமா? தூக்காது, எண்ணெய் ஓட்டம் வேகத்தைத் தரும், பலம் அழுத்தத்திலிருந்து வருகிறது.

உப்புச் சேற்றில் வேலை செய்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, கீல்களுக்கு கிரீஸ் அடிக்க வேண்டும்.

சாரதி அனுமதிப் பத்திரத்தில் ஜி வகுப்பு வேண்டும். ஜி1 கை உழவு இயந்திரத்துக்கு மட்டுமே.

தெதுறு ஓயாவில் மணல் அள்ள, இயந்திரம் சொந்தமானாலும் அனுமதிப் பத்திரம் தேவை.

பின்பாரப் பெட்டி பெரும்பாலும் விலைக்குள் வராது. இரண்டு இயந்திரங்களின் விலையை ஒப்பிடுபவர்கள், பெட்டியையும் நான்கு சக்கர இயக்கத்தையும் சேர்த்த விலையைக் கேட்டு வாங்கி, அதன் பிறகே ஒப்பிடவும்.