சாயநீரும் சவ்வும்

சென்னிமலைப் போர்வைகளுக்கான பருத்தி நூல், தறிக்கு வருமுன் சிட்டம் சிட்டமாகச் சாயத்தொட்டியில் முக்கியெடுக்கப்படுகிறது. நீரில் நனைந்த பருத்தியும் அதற்குப் பெரிதும் பயன்படும் ரியாக்டிவ் சாயமும் எதிர்மின்னூட்டம் கொண்டவையாதலால் ஒன்றையொன்று விலக்குகின்றன. அவ்விலக்கத்தைத் தணிக்க லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்பு கரைக்க வேண்டியுள்ளது. நூலில் ஏறாத சாயமும், அனேகமாக உப்பு முழுவதும், கழிவுநீரோடு வெளியேறுகின்றன.

கண்ணை உறுத்துவது நிறமே எனினும் மண்ணைக் கெடுப்பதில் உப்புக்கே பங்கு அதிகம். சென்னிமலைக்கு அருகே நொய்யலின் குறுக்கே 1992-இல் பாசனத்துக்கெனக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயநீரின் தேக்கமாகிச் சுற்றுவட்டாரக் கிணறுகளையும் உவராக்கியது. ஆற்றில் ஒரு சொட்டும் விடக்கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாத திருப்பூர்ப் பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டபின், சவ்வு வடிகட்டல் தவிர்க்க முடியாததாயிற்று.

இங்கே சவ்வு என்பது பாய்போலச் சுருட்டிக் குழாய்க்குள் செருகப்பட்ட மெல்லிய பாலிமர்த் தாள். அழுத்தத்தில் தள்ளப்படும் நீர் அதனூடே கசிந்து நடுவிலுள்ள துளைக்குழாயில் சேர்கிறது. நுண்ணுயிர்கள் கரிமப் பொருள்களைத் தின்றபின், அல்ட்ரா வடிகட்டி கலங்கலைப் பிடிக்க, எதிர்ச் சவ்வூடுபரவல் எனப்படும் ஆர்ஓ சவ்வு கரைந்த உப்பையும் தடுத்துவிடுகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நானோ வடிகட்டியே நுட்பமானது. ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் அளவுள்ள அதன் துளைகளில் பருத்த சாய மூலக்கூறு நுழையாது. சாதாரண உப்பு பெரும்பாலும் நுழைந்துவிடும். ஆனால் பட்டறைக்காரர் கிளாபர் உப்பை, அதாவது சோடியம் சல்பேட்டை, இட்டிருந்தால், இரட்டை மின்னூட்டமுள்ள சல்பேட்டைச் சவ்வின் எதிர்மின்னூட்டம் விலக்கிவிடுவதால், சாயமும் உப்பும் ஒரே பக்கத்தில் தங்கிவிடும். எனவே தொட்டியில் எந்த உப்பு இடப்பட்டது என்பதை அறியாமல் சவ்வைத் தேர்ந்தெடுப்பது வீண்செலவு.

சவ்வு எதையும் அழிப்பதில்லை. பிரித்து வைக்கிறது, அவ்வளவே. நல்ல நீர் மீண்டும் சாயத்தொட்டிக்குப் போக, ஒதுக்கப்பட்ட அடர்நீரை நீராவியால் பலகட்டமாகச் சுண்டவைத்துக் குளிர்விக்கும்போது கிளாபர் உப்பு படிகமாக இறங்குகிறது. அது மறுபடி பட்டறைக்கு விற்கத் தகுந்தது. அதற்கும் பிறகு எஞ்சும், சாயக்கறை படிந்த கலப்பு உப்பை வாங்குவார் இல்லாததால், அது மூட்டைகளில் கட்டப்பட்டுச் சுத்திகரிப்பு நிலையங்களின் கிடங்குகளில் அடுக்கப்படுகிறது.