உட்கார ஒரு ஸ்டூல்

கம்பத்தைத் தாண்டி மலை ஏறினால் குமுளி வரும். தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கும் ஊர் அது. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்தது. பக்கத்தில்தான் தேக்கடி இருக்கிறது. ஏரியையும் காட்டையும் பார்க்க வெளியூர் மக்கள் வருகிறார்கள். திரும்பும்போது ஏலக்காய், மிளகு, கிராம்பு, பட்டை வாங்கிப் போகிறார்கள். அதனால் கடைத்தெருவில் ஸ்பைசஸ் கடைகள் வரிசையாக இருக்கின்றன.

இந்தக் கடைகளில் பெண்களும் விற்பனை வேலை பார்க்கிறார்கள். பார்ப்பதற்கு இது சுலபமான வேலை போலத் தெரியும். தலையில் சுமை இல்லை. வெயில் இல்லை. மழை இல்லை. நிழலில்தான் வேலை. அப்படியானால் கஷ்டம் எங்கே இருக்கிறது?

ஒரே சரக்கு பல கடைகளில் கிடைக்கிறது. வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடலாம். எனவே அவரை நிறுத்திப் பேச வேண்டும். பெரிய ஏலக்காய்க்கு விலை ஏன் அதிகம் என்று விளக்க வேண்டும். தமிழ் பேச வேண்டும். மலையாளம் பேச வேண்டும். கொஞ்சம் இந்தியும் தெரிய வேண்டும். அரை மணி நேரம் எடுத்துக் காட்டிய பிறகும் அவர் வாங்காமல் போகலாம். அப்போதும் முகம் சுளிக்கக் கூடாது.

விற்பனை வேலையில் 'டார்கெட்' என்று ஒன்று உண்டு. இவ்வளவு விற்றாக வேண்டும் என்ற கணக்குதான் அது. விற்றால் கமிஷன் கிடைக்கும். விற்காவிட்டால் ஏச்சு கிடைக்கும். அடைமழைக் காலத்தில் ஆள் வருவது குறையும். அது விற்பவரின் குற்றமா? ஆனாலும் கேள்வி அவரிடம்தான் வரும்.

இன்னொரு கஷ்டம் நிற்பது. 'உட்கார்ந்தால் சோம்பேறி என்று நினைப்பார்கள்' என்று சொல்லும் முதலாளிகள் உண்டு. நாள் முழுவதும் நின்றால் கால் வீங்கும். இடுப்பு வலிக்கும். கால் நரம்புகள் புடைத்துக்கொள்ளும். கழிப்பறை இல்லாத கடையில் பெண்கள் தண்ணீர் குடிக்கவே பயப்படுவார்கள். சிறுநீரை அடக்கினால் நோய் வரும்.

இதை எதிர்த்துக் கோழிக்கோட்டில் பெண்கள் குரல் கொடுத்தார்கள். அங்கே மிட்டாய்த் தெரு பெரிய கடைத்தெரு. தையல் வேலை செய்த விஜி என்பவர் 2009-ல் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். முதலில் கழிப்பறை கேட்டார்கள். பிறகு உட்கார உரிமை கேட்டார்கள். கடை ஊழியர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். கேரள அரசு 2018-ல் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. வேலைக்கு நடுவே நேரம் கிடைக்கும்போது உட்கார, ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியது. தமிழ்நாட்டிலும் 2021-ல் இதுபோன்ற சட்டம் வந்தது.

கேரளத்தின் கடைகள் சட்டம் 1960-ல் வந்தது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று அது கணக்கு வைத்திருக்கிறது. அதற்கு மேல் வேலை செய்தால் இரட்டைக் கூலி. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை.

சட்டம் புத்தகத்தில் இருந்தால் மட்டும் ஸ்டூல் கடைக்கு வந்துவிடுமா? வராது. கேட்க வேண்டும். தனியாகக் கேட்பவரை வேலையை விட்டு நிறுத்துவது எளிது. பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் அப்படிச் செய்ய முடியாது. முதலாளி மறுத்தால் லேபர் ஆபீசில் மனுக் கொடுக்கலாம். மனு எழுதத் தெரிந்தவர் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்கலாம்.

ஒரு ஸ்டூலின் விலை அதிகமில்லை. அதில் உட்கார்ந்து எழும் கால்கள் மாலையில் வீட்டுக்கு நடந்து போகும். அங்கேயும் அடுப்படி வேலை காத்திருக்கிறது.

கலந்து பேசுவோம்:

1. உங்கள் ஊர்க் கடைகளில் ஊழியர்கள் உட்கார இருக்கை உண்டா?

2. அவர்களுக்குக் கழிப்பறை வசதி உண்டா?

3. இல்லை என்றால், யாரெல்லாம் சேர்ந்து கேட்கலாம்?