விலையற்றதும் மதிப்பற்றதும்

எட்டாம் வகுப்பில் 'என் அம்மா' என்ற தலைப்பில் ஐந்து ஆங்கில வாக்கியங்கள் எழுதச் சொன்னேன். ஒரு மாணவி 'மை மதர் இஸ் வொர்த்லெஸ்' என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் அதைச் சத்தமாகப் படிக்க, பொருள் தெரிந்த நான்கைந்து பேர் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே எழுதியவளுக்குத் தெரியவில்லை. அவள் சொல்ல நினைத்தது 'என் அம்மா விலைமதிப்பற்றவர்' என்பதுதான். மதிப்புக்கு 'வொர்த்', அற்ற என்பதற்கு 'லெஸ்'. இரண்டையும் சேர்த்துவிட்டாள். அவள் போட்ட கணக்கில் பிழையே இல்லை.

இதை அடித்துவிட்டு மேலே 'இன்வேல்யுவபிள்' என்று எழுதிக் கொடுப்பது எளிது. ஆனால் அடுத்த குழப்பம் அங்கேதான் தொடங்கும். விசிபிள் – இன்விசிபிள், கரெக்ட் – இன்கரெக்ட் என்று எதிர்ச்சொல் பட்டியலை மனப்பாடம் செய்த குழந்தை, 'வேல்யுவபிள்' மதிப்புள்ளது என்றால் 'இன்வேல்யுவபிள்' மதிப்பில்லாதது என்றுதானே எண்ணும்?

இதற்கான விளக்கம் தமிழிலேயே இருக்கிறது. 'மதிப்பற்ற பொருள்', 'விலைமதிப்பற்ற பொருள்' என்ற இரண்டையும் கரும்பலகையில் எழுதுங்கள். இரண்டிலும் 'மதிப்பற்ற' இருக்கிறது. ஆனால் ஒன்று குப்பைக்குப் போகும், மற்றொன்று பெட்டிக்குள் போகும். ஏன் என்று கேட்டால் குழந்தைகளே சொல்லிவிடுவார்கள். முதலாவதில் மதிப்பு என்பது பொருளிடம் இருக்க வேண்டிய ஒன்று. அது அங்கே இல்லை. இரண்டாவதில் மதிப்பு என்பது மதித்தல், அதாவது 'இவ்வளவு விலை' என்று கணிக்கும் செயல். அதை நம்மால் செய்ய முடியவில்லை. ஆங்கில 'வேல்யூ'வும் இப்படித்தான் பெயராகவும் வினையாகவும் வரும். 'இன்வேல்யுவபிள்' என்பதற்குள் இருப்பது வினை: மதிப்பிட முடியாதது. 'பிரைஸ்லெஸ்' அதன் கூட்டாளி. விலை வைக்க முடியாதது. 'வொர்த்லெஸ்', 'வேல்யூலெஸ்' இரண்டும் எதிர்ப்பக்கம். ஆகவே 'வேல்யுவபிள்' என்பதற்கு எதிர்ச்சொல் கேட்டால் 'வொர்த்லெஸ்' என்றோ 'வேல்யூலெஸ்' என்றோதான் எழுத வேண்டும்.

'வொர்த்' இன்னொரு தொல்லையும் தரும். 'திஸ் பென் வொர்த்ஸ் டென் ருபீஸ்' என்று எழுதாத வகுப்பு உண்டா? இதற்கும் தமிழே காரணம். 'இந்த மாடு முப்பதாயிரம் பெறும்', 'காலணா பெறாது' என்று நாம் பேசும்போது 'பெறும்' வினைச்சொல். (இலங்கைத் தமிழர் மதிப்பைப் 'பெறுமதி' என்று சொல்வதும் இந்த வேரிலிருந்துதான்.) குழந்தை அதே இடத்தில் 'வொர்த்' என்பதை வினையாக வைத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அது வினை இல்லை. முன்னால் 'இஸ்' வேண்டும்: 'திஸ் பென் இஸ் வொர்த் டென் ருபீஸ்'. 'படிக்கத் தகுந்த புத்தகம்' என்ற பொருளில் வரும்போது 'வொர்த் ரீடிங்' என்று எழுத வேண்டும். 'வொர்த் டு ரீட்' என்பது தவறு. 'வொர்த்தி' வந்தால் பின்னால் 'ஆஃப்' வரும். இலக்கண விதியாகச் சொன்னால் மறந்துவிடுகிறார்கள். 'பெறும்' என்பதோடு ஒப்பிட்டுக் காட்டினால் பெரும்பாலும் நினைவில் நிற்கிறது.

'பிரைஸ்', 'காஸ்ட்' இரண்டையும் பிரித்துக் காட்டக் கடைத்தெரு போதும். கடைக்காரரிடம் 'என்ன விலை?' என்றால் அது பிரைஸ். வீட்டுக்கு வந்ததும் 'எவ்வளவு ஆச்சு?' என்று கேட்டால் அது காஸ்ட். கணிதப் பாடத்தின் அடக்க விலை 'காஸ்ட் பிரைஸ்' ஆவதும் இதனால்தான். விலைக்கும் மதிப்புக்கும் உள்ள இடைவெளியை ஆடம் ஸ்மித் 1776-இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டியிருக்கிறார்: தண்ணீரைவிடப் பயனுள்ளது அரிது, ஆனால் அதைக் கொடுத்து எதையும் வாங்க முடியாது, வைரத்தால் பயன் மிகக் குறைவு, அதைக் கொடுத்தால் எவ்வளவோ கிடைக்கும். உயர்நிலை வகுப்புகளில் இதை எடுத்துப் போட்டால் விவாதம் தானாக நடக்கும். தண்ணீர் கேன் வாங்கும் ஊர்ப் பிள்ளைகள் ஸ்மித்தோடு சண்டைக்கே வருவார்கள்.

அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. 'வேல்யூ' வந்தது, வலிமையோடு இருத்தல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து. 'வேலிட்', 'ஈக்விவேலண்ட்', வேதியியலின் 'வேலன்சி' எல்லாம் ஒரே குடும்பம். வேலன்சியை இணைதிறன் என்று பெயர்த்தவர்கள் அந்தத் 'திறனை'த் தவறவிடவில்லை. 'பிரைஸ்', 'பிரெஷியஸ்', 'பிரெய்ஸ்', 'அப்ரிஷியேட்' ஆகியவை வேறொரு லத்தீன் குடும்பம். நிலத்தின் விலை ஏறுவதற்கும் மாணவரைப் பாராட்டுவதற்கும் ஆங்கிலத்தில் 'அப்ரிஷியேட்' என்று ஒரே சொல் வழங்குவது வியப்பாக இருக்கும். நாம் மதிப்பெண் போடுவதும் பெரியவர்களை மதிப்பதும் ஒரே சொல்லில்தானே நடக்கிறது!

தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் இந்த வேலையை முன்பே பாதி முடித்துவிடுகிறார்கள். 352 என்ற எண்ணில் 5-இன் முகமதிப்பு 5, இடமதிப்பு 50. 'ஃபேஸ் வேல்யூ', 'பிளேஸ் வேல்யூ' என்ற சொற்களைக் குழந்தை அங்கேயே கேட்டுவிடுகிறது. பின்னாளில் ஆங்கிலப் பாடத்தில், ஒருவர் சொன்னதை 'ஃபேஸ் வேல்யூ'வில் எடுத்துக்கொள்வது என்ற தொடர் வரும்போது, அந்த 352-ஐ மறுபடி எழுதி, 5-ஐ மட்டும் வட்டமிட்டு, அது நிற்கும் இடத்தைப் பார்க்காமல் படித்தால் என்ன ஆகும் என்று கேட்டாலே போதும்.